பந்தெறியும் கையைத் திருத்தலாமா?

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

தமிழ்ச் சங்க மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. ஆயினும் இன்று விளையாட்டைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். காரணம் உண்டு. பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எந்தத் திடலின் ஓரமாக நடந்து சென்றாலும், வெள்ளுடை அணிந்த பிள்ளைகள் வரிசையாக நின்று பந்தெறியப் பழகுவதைக் காணலாம். அவர்களுள் நம் சங்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகளும் பலர். வேலியோரம் நிற்கும் பெற்றோர் பயிற்சியாளரிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "என் பிள்ளை கையை ஒரு மாதிரியாக வீசுகிறானே, அதைத் திருத்த வேண்டாவா?" இக்கேள்விக்கு விடை தேடுவதே இன்று நம் நோக்கம்.

முதற்கண் நம் பிழை ஒன்றை ஒப்புக்கொண்டு தொடங்குகின்றோம். பல ஆண்டுகளுக்கு முன், ஓய்வு நாள்களில் அண்டை அயலிலிருந்த சிறுவர்க்குக் கிரிக்கெட் பயிற்றி வந்தோம். பதினோரு வயதுச் சிறுவன் ஒருவன் கையைத் தலைக்கு மேலே கொண்டுவராமல், பக்கவாட்டில் சுழற்றிப் பந்து வீசினான். பந்து தரையைத் தொட்டதும் சறுக்கிக்கொண்டு உள்ளே புகும். அவனினும் மூத்த பையன்களே ஏமாந்து போயினர். கை வலிக்கிறது என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. எனினும், 'நூலில் கண்ட முறை இதுவன்று' என்று நாம் அவன் கையை உயர்த்தினோம். மூன்று மாதம் அவனும் உழைத்தான். கை உயர்ந்தது, பந்தோ திசை தப்பியது. ஒரு ஞாயிறு அவன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அவன் தாயாரைக் கண்டு வினவியபோது, "எப்படி வீசுவது என்றே இப்போது தெரியவில்லை என்கிறான்" என்றார். அச்சொல் இன்றும் நம் நெஞ்சில் தைத்துக் கிடக்கின்றது.

நம் பிழையை நமக்கு உணர்த்தக்கூடிய சான்று நெடுந்தொலைவில் இல்லை, இந்நகரிலேயே இருந்தது. மைசூரில் 1945-இல் பிறந்து, பெங்களூரில் வளர்ந்த பி. எஸ். சந்திரசேகரை அறியாதார் யார்? குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கிற்று. வலக்கை மெலிந்து சூம்பியது. களத்தில் நின்று பந்தைத் திருப்பி எறிய அவர் இடக்கையையே பயன்படுத்துவார். ஆனால் பந்து வீசியதோ அந்த மெலிந்த வலக்கையால்தான்! அக்கை சாட்டைபோற் சுழன்றது. லெக் ஸ்பின் வீசுவோர் பலரும் பந்தை மெல்ல மிதக்கவிடுவர். இவரோ மிதவேகப் பந்துவீச்சாளர்க்குரிய விரைவில் கூக்ளியையும் பிறவற்றையும் செலுத்தினார். 1964-இல் இந்திய அணியில் இடம்பெற்றார். 1971-இல் லண்டன் ஓவல் திடலில் 38 ஓட்டங்கள் கொடுத்து 6 விக்கெட்டுகளை வீழ்த்த, இங்கிலாந்து 101 ஓட்டங்களில் சுருண்டது. இங்கிலாந்து மண்ணில் இந்தியா பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி அது. 58 டெஸ்ட் ஆட்டங்களில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 242. மட்டை பிடித்து அவர் எடுத்த ஓட்டங்களோ 167 மட்டுமே! எடுத்த ஓட்டங்களினும் வீழ்த்திய விக்கெட்டுகள் மிகுந்த இவ்விந்தை மனிதரின் கையை ஏனையோர் கைபோல் ஆக்க முயன்று எவரும் கெடுத்துவிடவில்லை. அஃது இந்தியக் கிரிக்கெட்டின் நற்பேறு.

இனி, 'நூலில் கண்ட முறை' என்கின்றோமே, அம்முறைதான் என்றும் இருந்ததா? இல்லை. கிரிக்கெட் தோன்றிய காலத்தில் பந்தைக் கீழ்க்கையாகவே வீசினர். தோள் உயரத்திற்குக் கையைச் சுழற்றி வீசிய ஜான் வில்ஸ் என்பவரின் பந்தை, 1822-இல் லார்ட்ஸ் திடலில் முறையற்றது என்று நடுவர் தள்ளினார். பின்னர் அவ்வீச்சுக்கு இசைவு கிடைத்தது. தலைக்கு மேலே கையை உயர்த்தி வீசுதலை விதி ஏற்றுக்கொண்டதோ 1864-இல்தான். இன்று நாம் பிள்ளைகளுக்கு 'ஒழுங்கான முறை' என்று கற்பிப்பது ஒருகாலத்தில் குற்றமாக இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் நலம்.

அங்ஙனமாயின், எவரையும் எதையும் திருத்தவே கூடாதா என்று நீங்கள் வினவலாம். அதுவும் பொருந்தாது. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து எழுந்தவர் த. நடராஜன். 2015-இல் தமிழ்நாட்டு அணிக்காக ரஞ்சிக் கோப்பையில் ஆடத் தொடங்கிய வேளையிலேயே அவர் வீச்சு ஐயத்திற்கு உள்ளாயிற்று. அவ்விளைஞர் மனம் உடைந்து ஊர் திரும்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பயிற்சியாளர்கள் துணைநிற்க, வீச்சைத் திருத்திக்கொண்டு மீண்டார். 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக முதன்முறை களமிறங்கினார். இங்கே திருத்தம் ஒருவரை அழிக்கவில்லை, காத்தது. விதி இடங்கொடாத ஒன்றைப் 'பிள்ளையின் தனித்தன்மை' என்று கொஞ்சிக்கொண்டிருப்பது அன்பாகாது.

விதியை மீறுவதாகக் கண்ணுக்குத் தோன்றுவதெல்லாம் மீறலும் அன்று. கண்டியில் 1972-இல் பிறந்த தமிழர் முத்தையா முரளிதரனின் வாழ்வு இதற்குச் சான்று. பிறவியிலேயே முழுமையாக நீளாத முழங்கை அவருடையது. 1995-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று மெல்போர்னில் நடுவர் டாரல் ஹேர் அவர் பந்துகளை எறிபந்து என்று ஏழு முறை தள்ளினார். பின்னர் ஆய்வுக்கூடங்களில் கருவிகளைக் கொண்டு அவர் கையை அளந்தனர். ஒழுங்கானவர் என்று நாம் கருதும் வீச்சாளருள்ளும் பெரும்பாலோர் பந்து வீசுகையில் முழங்கையை ஓரளவு நீட்டவே செய்கின்றனர் என்பது நாளடைவில் வெளிப்பட்டது. 2005-இல் எல்லா வகை வீச்சாளர்க்கும் 15 பாகை என்று எல்லை வகுக்கப்பட்டது. முரளிதரன் 2010-இல் காலியில் தம் இறுதி டெஸ்டில் 800-ஆம் விக்கெட்டை வீழ்த்தி ஓய்வுபெற்றார். வேலியோரம் நின்று பார்க்கும் நம் கண் அளவுகோல் ஆகாது என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

விதியினும் பெரியது ஒன்றுண்டு. அது பிள்ளையின் உடல். வளரும் வயதில் எலும்பின் முனைகள் முற்றாமல் மென்மையாக இருக்கும். ஓயாமல் எறியும் கையில், முழங்கையிலும் தோளிலும் உள்ள அவ்வளர்முனைகள் புண்படுதல் மருத்துவர் நன்கறிந்த செய்தி. வேகப்பந்து வீசுவோர்க்கோ முதுகெலும்பில் இடர் நேரும். இடுப்பு ஒரு திசையும் தோள் மற்றொரு திசையும் நோக்க, முதுகை முறுக்கி வீசுவோர்க்கு அவ்விடர் மிகுதி. ஆஸ்திரேலிய வீரர் டெனிஸ் லில்லி 1973-இல் முதுகெலும்பில் விரிசல் கண்டு, கிரிக்கெட்டையே இழக்கும் நிலைக்கு வந்தார். வீச்சை மாற்றி அமைத்துக்கொண்டு மீண்டெழுந்தார். அவரே 1987 முதல் சென்னை எம்.ஆர்.எப். வேகப்பந்து அறக்கட்டளையில் நம் இளைஞர்களுக்கு ஆசானாய் அமர்ந்தார்.

ஆனால் இங்கும் அவசரம் கூடாது. பும்ராவின் விறைத்த கையையும் குறுகிய ஓட்டத்தையும் கண்டு வியவாதார் இல்லை. 2019-இலும் 2022-இலும் அவர் முதுகு துன்புற்றது; 2023-இல் அறுவை மருத்துவம் செய்துகொண்டார். 2024-இல் இருபது ஓவர் உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றார். நோவுக்குக் காரணம் வீச்சின் வடிவமா, வீசிய பந்துகளின் எண்ணிக்கையா என்று ஒரு சொல்லில் முடிவு கட்ட இயலாது. ஒழுங்காக வீசுவோரும் முதுகு நொந்து படுக்கின்றனரே! ஆகவே வடிவத்தைத் தொடுமுன் எண்ணிக்கையைப் பாருங்கள் என்போம். அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பால் ஆட்டத்தை நடத்தும் லிட்டில் லீக் அமைப்பு, 2007 முதல் எறியும் பந்துகளுக்கே எல்லை வகுத்துள்ளது. பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 பந்துகளுக்கு மேல் எறியலாகாது. அதன்பின் ஓய்வு நாள்களும் உண்டு. நம் பெற்றோரோ காலையில் ஓர் அகாடமி, மாலையில் மற்றோர் அகாடமி என்று பிள்ளையை அழைத்துச் செல்கின்றோம். அங்கே வீசிய பந்துகளை இங்கே யார் எண்ணுகின்றனர்?

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், கையைத் திருத்துமுன் பயிற்சியாளர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இவ்வீச்சு பிள்ளையின் உடலை வருத்துகின்றதா? ஆட்டத்தின் விதி இதற்கு இடம் தருகின்றதா? எறிந்த பந்து வேண்டிய பயனைத் தருகின்றதா? உடல் வருந்துமாயின் அன்றே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுக. விதி மறுக்குமாயின், பழக்கம் இறுகுமுன் இளமையிலேயே பரிவோடு மாற்றுக. பயன் மட்டும் குறையுமாயின், பிள்ளையின் விருப்பத்தை அறிந்து, சிறிது சிறிதாக வழிகாட்டுக. மூன்றும் சரியாயின், கையைக் கட்டிக்கொண்டு பார்த்து மகிழ்வதே பயிற்சியாளரின் கடமை.

மற்றொன்றும் கூற வேண்டும். கற்பித்தல் வேறு, திருத்துதல் வேறு. பந்தை எங்ஙனம் பற்றுவது, எக்காலை முன்வைப்பது, இலக்கை எவ்வாறு நோக்குவது என்பவற்றை ஏதும் அறியாத பிள்ளைக்குக் கற்பிக்கத்தான் வேண்டும். 'தனித்தன்மை' என்று சொல்லி அதையும் விட்டுவிடுவது சோம்பல். ஆனால் தானே கண்டறிந்து, நாளும் பழகி, தன் உடலோடு இயைந்துபோன வழியை உடைய பிள்ளையிடம் 'முழங்கையைத் தூக்கு, மணிக்கட்டை மடக்கு' என்று அடுக்கினால், அதன் கருத்து இலக்கை விட்டுத் தன் கைமீதே சென்றுவிடும். நடக்கும் ஒருவனை நிறுத்தி, எக்காலை முதலில் வைக்கின்றாய் என்று கேட்டால் அவனும் தடுமாறுவான் அல்லவா?

பெரியோர்களே, நம் இல்லங்களில் இடக்கையால் எழுதிய பிள்ளையின் விரலில் அடித்து வலக்கைக்கு மாற்றிய காலம் ஒன்று இருந்தது. அதனால் நாம் பெற்ற நன்மை என்ன? இன்றும் கன்னடச் சொல் கலந்து தமிழ் பேசும் நம் பிள்ளைகளை, வாய் திறக்கும்போதெல்லாம் குறுக்கிட்டுத் திருத்துகின்றோம். சில நாளில் அப்பிள்ளை தமிழில் பேசுவதையே விட்டுவிடுகின்றது. பிழை நீங்கவில்லை, பேச்சு நீங்கிவிட்டது. தெரிந்து வினையாடல் என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். ஒருவரின் இயல்பை ஆராய்ந்து அறிந்த பின்னரே அவரிடம் செயலைக் கொடுக்க வேண்டும் என்னும் அவ்வுண்மை அரசர்க்கு மட்டும் உரியதன்று; ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் உரியது.

அந்தப் பதினோரு வயதுச் சிறுவன் இன்று நம்முன் வந்து நிற்பானாயின், அம்மூன்று கேள்விகளையும் கேட்டிருப்போம். கை வலிக்கவில்லை. முழங்கை மடங்கவில்லை; பக்கவாட்டில் வீசுவதை விதி தடுக்கவும் இல்லை. பந்தோ விக்கெட்டை வீழ்த்தியது. விடை மூன்றும் அவன் பக்கமே இருந்தன. நாம்தாம் கேளாமற் போனோம். உங்கள் பிள்ளைகள் திறத்திலேனும், கேட்ட பின்னர்க் கையைத் தொடுமாறு பயிற்சியாளர்களை வேண்டுங்கள். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.