'எங்கள்' என்ற சொல்லுக்குள் யார்?

(திருச்சியில் இயக்கத் தோழர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செபம் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கீங்க. விடுதலை இயக்க மேடையில செபத்துக்கு என்ன வேலைன்னு சிலர் கேட்கலாம். சேரி சனம் தலைமுறை தலைமுறையா நம்பிச் செய்துவருகிற காரியத்தைச் சாமியார்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது. அதனால பேசுறேன்.

என் பாட்டிக்கு எழுத்து தெரியாது. நாற்று நடும்போது சேசுவிடம் பேசிக்கிட்டே நடும். கூலி குறைஞ்சா அவரோட சண்டை போடும். பிள்ளைக்குக் காய்ச்சல்னா கெஞ்சும். கோயிலுக்குள்ள போனா மட்டும் பேச்சு நின்னுடும். அங்கே அதுக்கு விட்ட இடம் ஓரத்தில். வயலில் வாய் திறந்த மனுஷி கடவுள் வீட்டுக்குள்ள ஏன் வாயடைச்சுப் போச்சு?

இயேசு கற்றுக்கொடுத்த செபத்தைப் பாருங்கள். அதில் 'என்' கிடையாது. தந்தையும் 'எங்கள்', உணவும் 'எங்கள்', குற்றமும் 'எங்கள்'. ஆனால் தமிழில் ஒரு சங்கதி இருக்கு. 'நம்' என்றால் கேட்பவரும் உள்ளே. 'எங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. கடவுளைப் பார்த்துச் சொன்னால் அது சரி. ஆதிக்கசாதிக் கிறித்தவர்கள் நம்மைப் பார்த்துச் சொன்னார்கள்: எங்கள் கோயில், எங்கள் தேர், எங்கள் கல்லறை.

இதே திருச்சியில், மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில், தலித் கிறித்தவர் பிணத்துக்கும் மற்றவர் பிணத்துக்கும் நடுவே சுவர் எழுப்பினார்கள். வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த திருக்குடும்பக் கோயிலில் பீடம் ஒன்று, சாதிவாரியாக நிற்க இரண்டு சிறகு, நடுவே தடுப்பு. 1910-இல்தான் அது இடிபட்டது. எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்கள் 2008 மார்ச்சில் தாக்கப்பட்டார்கள். அரசு என்ன செய்தது? 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை நம்மைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திறந்த கதவு நமக்குத் திறக்கலை. மதம் மாறினவனுக்குச் சாதி ஏதுன்னு கேட்கிறாங்க. கல்லறைச் சுவர்கிட்ட போய்க் கேட்கட்டும்.

"கடவுள் எங்கிருந்து கூப்பிட்டாலும் கேட்பார், கோயிலில் இடம் எதுக்கு?" என்று நமக்குப் புத்தி சொல்கிறவர்கள் உண்டு. காவிரிக்கு அந்தப் பக்கம் சீரங்கத்தைப் பாருங்கள். உறையூரில் பிறந்த திருப்பாணாழ்வார் உள்ளே போக முடியாமல் ஆற்றங்கரையில் நின்று பாடினார். வழியை விடச் சொல்லிக் கல்லெறிந்தார் லோகசாரங்கர். அரங்கன் நெற்றியில் ரத்தம் வந்ததாம். பிறகு பாணரை அவரே தோளில் சுமந்து உள்ளே கொண்டுபோனாராம். கடவுள் கரையிலேயே கேட்டுவிட்டார் என்பதைக் கதையே ஒத்துக்கொள்கிறது. ஆனா உள்ளே போனவர் சாமியோட கலந்தாரே தவிரத் திரும்பி வரலை. ஒருவரைத் தோளில் தூக்கிக்கிட்டு, அவருடைய சனத்தைக் கரையிலேயே நிறுத்திட்டாங்க.

ஆகவே, கடவுளுக்குக் கேட்குதா என்பது நம்ம பிரச்சினை இல்லை. எகிப்தில் அடிமைகள் எந்த மந்திரமும் சொல்லலை, வேலைப் பளுவில் கதறினார்கள். அதைக் கேட்டு இறங்கி வந்ததாகத்தான் யாத்திராகமம் சொல்லுது. ரத்தக் கறை படிந்த கைகளை விரித்தால் பார்க்கவே மாட்டேன் என்று ஏசாயா வழியாகச் சொன்னவரும் அவரே. பக்கத்தில் நிற்கிறவனுக்கு நம்ம குரல் கேட்குதா? அதுதான் பிரச்சினை.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005-இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு இதைப் புரிந்துகொண்டவர். கிராமத்து மெட்டில், பேச்சுத் தமிழில் வழிபாடு அமைத்தார். கடவுளை 'பெத்தவரே' என்று கூப்பிட்டார். எல்லாரும் ஒரே உலையில் பொங்கித் தின்கிற குடும்பத்தை முன்வைத்தார். ஒரே உலையில் தின்கிறவர்கள்தானே 'எங்கள் உணவு' என்று கேட்க முடியும்?

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. காணிக்கையோடு பீடத்துக்கு வரும்போது, சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறார் இயேசு. மத்தேயு ஐந்தாம் அதிகாரம். மனத்தாங்கல் நமக்கு இருக்கு. அதைப் பங்குக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். ஆயருக்கு எழுதுங்கள். சுவர் இருக்கும்வரை காணிக்கைப் பை நம்ம வரிசைக்கு வரவேண்டாம் என்று சொல்லுங்கள். அதுவும் செபம்தான். பாட்டி வயலில் பேசின பேச்சைக் கோயில் நடுவில் நின்னு பேசுவோம்.