சேவலா, பெடையா?



தமிழில் ஆண்பாலும் பெண்பாலும் உயர்திணைக்கே உரியன. அஃறிணைக்கு ஒன்று, பல என்ற கணக்கே போதும். ஆயினும் எம் முன்னோர் விலங்கிலும் பறவையிலும் ஆண், பெண் பாராதவர்கள் அல்லர். களிறு, பிடி, கலை, பிணை என்று தனித்தனிப் பெயரிட்டனர். தொல்காப்பியர் மரபியலில் சேவல் என்னும் பெயரைச் சிறகுடையவற்றுக்கு உரியதாக்கி, மயிலை மட்டும் விலக்குகிறார். அப்படியானால் விட்டிலிலும் சேவல் உண்டா? உரையாசிரியர்கள் என்னோடு சண்டைக்கு வரக்கூடும். வரட்டும்.

சிங்கராஜ வனப் பக்கம் சென்று வந்த மாணவி ஒருத்தி, விளக்கடியில் அமர்ந்திருந்த பெரிய விட்டிலொன்றின் படத்தைக் காட்டி, "சேர், இது ஆணா, பெண்ணா?" என்று கேட்டாள். செங்கபில நிறம், ஏறத்தாழ ஒரு சாண் அகலம். சிறகு ஒவ்வொன்றிலும் கண்ணாடி பதித்தாற்போல ஒரு முக்கோணச் சாளரம். முன்சிறகின் நுனி பாம்பின் தலைபோல வளைந்திருந்தது. அறிவியலார் இதனை அட்டகஸ் தப்ரபானிஸ் என்பர். தப்ரபானே என்பது கிரேக்கர் எமது தீவுக்கு வழங்கிய பெயர். 1880களில் இலங்கை வண்ணத்துப்பூச்சிகள், விட்டில்கள் பற்றிப் பெருநூல் எழுதிய பிரெடரிக் மூர் சூட்டியது இது. தென்னிந்தியாவிலும் இவ்வினம் உண்டு.

பெண் பெரியது என்பார்கள். ஒன்றை மட்டும் பார்த்துப் பெரிது, சிறிது என்பது எப்படி? தலையிலுள்ள உணர்கொம்புகளைத்தான் பார்க்க வேண்டும். ஆணுக்கு அவை பறவையிறகுபோல அகன்று விரிந்திருக்கும், பெண்ணுக்கு ஒடுங்கியிருக்கும். பெண்ணின் வயிறு முட்டைகளால் பருத்திருக்கும். படத்தில் இருந்தது பெண்.

கொம்பில் ஏன் இந்த வேற்றுமை? பெண் ஓரிடத்தில் அமர்ந்து இரவில் ஒருவகை மணத்தைக் காற்றில் விடுகிறது. ஆண் அதை முகர்ந்து தேடி வர வேண்டும். முகர்வதோ கொம்பால்! மரபியல் தும்பிக்கு நான்கறிவு கூறும்: தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணல். தும்பிக்குச் சொன்னதை விட்டிலுக்கும் கொண்டால், இந்த விட்டிலுக்குச் சுவையறிவால் பயனில்லை. உண்பதற்கு வாயே இல்லை. புழுவாயிருந்தபோது தின்று சேர்த்ததை வைத்தே ஒன்றிரண்டு வாரம் வாழ்ந்து முடிகிறது.

அத்தனை குறுகிய வாழ்வில் ஓரிரவு முழுவதும் மின்விளக்கைச் சுற்றிக் கழிந்தால், அது சிறிய இழப்பா? எமது வாவிக்கரை வீடுகளில் மாரி தொடங்கியதும் விளக்கடிக்கு எத்தனையோ விட்டில்கள் வருகின்றன. உடனே கை தும்புத்தடியைத் தேடுகிறது. கொம்பையும் வயிற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு, வெளிவிளக்கை நிறுத்திவிடுங்கள். பெண்ணாயின், முட்டையிட இலை தேடி அது தானே போய்விடும்.