பரமார்த்த குருவிலிருந்து கிசும்புக்காரன் வரை

கிறித்தவ நம்பிக்கை, நகைச்சுவை, கதை எழுதும் கலை மூன்றும் தமிழில் எப்படிச் சேர்ந்தன என்பது இந்தக் கருத்தரங்கின் பொருள். சித்ரா பௌர்ணமிக்குக் காஞ்சி வரதர் நடவாவிக் கிணற்றில் எழுந்தருளும் ஐயங்கார்குளத்தில் இதைப் பேசுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். சமயத்தையும் சிரிப்பையும் ஒரே மேடையில் ஏற்றிய ஊர் பக்கத்திலுள்ள காஞ்சி. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் இந்த நகரத் தெருவில்தான் நடக்கிறது. குடித்துத் தள்ளாடும் காபாலிகன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டுப் புத்த பிக்குவைத் திருடன் என்கிறான். பாசுபதன் வழக்குத் தீர்க்க வருகிறான். நாய் கவ்விப் போன கபாலமோ கடைசியில் ஒரு பித்தன் கையில் இருக்கிறது. இந்த மண்ணில் சமயத்தாரைப் பார்த்துச் சிரிப்பது புதிதல்ல. ஆனால் மகேந்திரன் அரசன். சமயத்தார் எல்லாரையும் மேலேயிருந்து பார்த்துச் சிரித்தான். நம்பிக்கையுள்ள ஒருவன் தன் நம்பிக்கைக்குள் நின்றுகொண்டே சிரிக்க முடியுமா, அந்தச் சிரிப்பு கதையைக் கெடுக்காமல் வளர்க்குமா என்பதே நம் முன்னுள்ள கேள்வி. முடியும் என்பது என் துணிபு. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: சிரிப்பு முதலில் தன் வீட்டாரைத் தொட வேண்டும்.

தொல்காப்பியர் நகை பிறக்கும் நிலைக்களன்களை நான்காகப் பகுத்து எள்ளலை முதலில் வைத்தார். பேதைமையும் மடமையும் இறுதியில் வருகின்றன. எள்ளலில் சிரிப்பவன் உயர நிற்கிறான். பேதைமையில் சிரிப்பவனும் சிரிக்கப்படுபவனும் ஒரே தரையில் நிற்கலாம். வீரமாமுனிவரின் பரமார்த்த குருவின் கதையை இந்த வேறுபாட்டோடு படிக்க வேண்டுகிறேன். 1680-இல் இத்தாலியில் பிறந்து, 1710-இல் இந்தியா வந்து, தேம்பாவணி பாடிய அந்த இயேசு சபைத் துறவி, தமிழ் கற்கும் பாதிரிமாருக்காகப் பேச்சுத் தமிழை ஒட்டி இக்கதையை எழுதினார். பாபிங்டன் அதை 1822-இல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களும் ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்க்கிறார்கள்; கடந்த பிறகு தன்னை விட்டுவிட்டு எண்ணி ஒருவனைக் காணோம் என்று அழுகிறார்கள்; பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று வாங்குகிறார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது வலுவானதும்கூட. இந்நூல் இந்து மடங்களையும் குருமாரையும் இழிவுபடுத்த எழுதியது என்பர் சிலர். தரங்கம்பாடி லுத்தரன் பாதிரிமாரைக் குத்த எழுதியது என்பர் வேறு சிலர். வேத விளக்கமும் லுத்தேரினத்தியல்பும் எழுதிய கைக்குக் கண்டன வாள் பழகியதுதான். அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஆசிரியரின் உள்நோக்கம் ஒன்று, கதை செய்த வேலை மற்றொன்று. பரமார்த்த குரு வஞ்சகர் அல்லர், பேராசைக்காரரும் அல்லர். பயந்த சுபாவமுள்ள கிழவர். சீடர்கள் அவரை உயிராக நேசிக்கிறார்கள், அந்த நேசத்தாலேயே அவரைப் படாதபாடு படுத்துகிறார்கள். மேலும், எண்ணத் தெரியாமல் அழுபவர் கதை இந்த மண்ணுக்கு முன்பே தெரியும். ஆற்றைக் கடந்த பத்துப் பேரில் பத்தாமவன் நீயே என்று வேதாந்தம் அதைச் சொல்லிவந்தது. பொது வழக்கில் கிடந்த கதையை எடுத்தவர் அறியாமலே பொதுமக்களுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். தமிழ்க் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக அதைப் படித்துச் சிரிக்கிறார்கள். எந்த மதத்தைக் குத்துகிறது என்று ஒரு குழந்தையும் கேட்டதில்லை. எள்ளல் உதிர்ந்து பேதைமை நின்றது.

அடுத்த அடியை மாயூரம் வேதநாயகம் பிள்ளை எடுத்துவைத்தார். இங்கே நான் சற்றே நின்று பேச விரும்புகிறேன். 1826-இல் குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கர். முன்சீப் பதவியில் மனித வழக்குகளை நேரில் கண்டவர். 1879-இல் வெளிவந்த அவருடைய பிரதாப முதலியார் சரித்திரத்தின் நாயகன் நம் தொண்டை மண்டல முதலிமார் குலத்துப் பிள்ளை, இந்து. நூலில் மதமாற்றத்துக்கு இடமே இல்லை. அப்படியானால் நம்பிக்கை எங்கே இருக்கிறது? வடிவத்தில் இருக்கிறது என்பேன். செல்வத்தில் ஊறிய பிரதாபனைப் பாட்டி அடிக்க விடமாட்டாள். அவன் பாடம் தவறினால் உபாத்தியாயர் மகன் கனகசபை முதுகில் அடி விழும். குற்றமற்றவன் பிறனுக்காகத் தண்டனை ஏற்பது கிறித்தவ மறையின் உயிர்நாடி. அதையே வேதநாயகர் பணக்கார வீட்டுத் திண்ணைப் படிப்பின் கேலிக்கூத்தாக்கியிருக்கிறார். நாம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அநியாயம் உறைக்கிறது. இதைச் சொல்பவன் யார் என்பதும் முக்கியம். பிரதாபனே தன்மை நிலையில் தன் சோம்பலையும் செருக்கையும் ஒளிக்காமல் சொல்கிறான். பாவசங்கீர்த்தனத்தில் வளர்ந்த மனம் கண்டெடுத்த கதைமுறை இது என்று நான் கருதுகிறேன். தன் கண்ணில் கிடக்கும் உத்திரத்தை முதலில் பார்க்கச் சொன்ன நற்செய்தியும் அதே திசையைத்தான் காட்டுகிறது.

அந்த நாவலில் நீண்ட நீதிப் பிரசங்கங்கள் இருக்கின்றனவே, அவையல்லவா நம்பிக்கையின் உண்மையான பங்கு என்று கேட்கலாம். இல்லை. கடவுள் உண்டென்று நிலைநாட்டும் பகுதிகளில் கதை மூச்சுவிடத் திணறுகிறது. பாத்திரங்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசத் தொடங்குகிறார்கள். தமிழ் நீதிமன்றத்தில் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதாடுவதைச் சாடுமிடத்திலோ, தான் அமர்ந்த மன்றத்திடமே வேதநாயகர் நியாயம் கேட்கிறார். அங்கே எழுத்து துள்ளுகிறது. மண்டலம் வேறானாலும் விதி இதுவே: அமெரிக்கத் தெற்கின் எழுத்தாளர் பிளானரி ஓகானர் தீவிரக் கத்தோலிக்கர், அவருடைய சிரிப்பு நாத்திகரைப் போலவே, தம்மை நல்லவர்களென நம்பும் பக்தர்களையும் விடுவதில்லை.

தன் திருச்சபையையே நோக்கித் திரும்பும் சிரிப்பைத் தமிழில் பாமாவிடம் காண்கிறோம். தலித் கத்தோலிக்கரான அவர் கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கும் சாதி இருக்கக் கண்டு வெளியேறியவர். 1992-இல் வந்த கருக்கு திருச்சபையிடம் கணக்குக் கேட்கிறது. சிரிப்பு நம்பிக்கையை அரித்துவிடும் என்று அஞ்சுவோருக்கு அந்த நூலே என் பதில். ஒடுக்கப்பட்டோர் பக்கம் நிற்கும் இறைவனை வேதத்தில் கண்டபிறகே அவருடைய கேள்விகள் கூர்மையாகின்றன. 1996-இன் கிசும்புக்காரன் தொகுப்பிலுள்ள ‘அண்ணாச்சி’யில், சேரி இளைஞன் ஒருவன் மேல்சாதிக்காரரை அண்ணாச்சி என்று அழைத்துவிடுகிறான். ஊரே கொந்தளிக்கிறது. உறவுமுறை சொன்னதற்கா பஞ்சாயத்து? எல்லாரும் சகோதரரே என்று பீடத்திலிருந்து ஆயிரம் முறை ஓதப்பட்டது, ஒரு பொடியனின் குறும்பில் தெருவுக்கு வந்து நிற்கிறது. அங்கே பிரசங்கம் ஒரு வரிகூட இல்லை.

இந்தப் பாதையில் ஆராயாதவை ஏராளம். பாபிங்டன் பதிப்பின் நடையை இன்றும் வாய்மொழியாக வழங்கும் மூடர் கதைகளோடு ஒப்பிட வேண்டும். வேதநாயகரின் நீதிமன்ற அனுபவமும் அவர் கதை சொல்லும் முறையும் தொடும் இடங்களைத் தேட வேண்டும். பாமாவின் பேச்சுமொழியில் கோயில் வழிபாட்டுச் சொற்கள் எப்படிக் கேலியாகவும் செபமாகவும் ஒருங்கே ஒலிக்கின்றன என்பதை அந்த மொழி பேசுவோரே எழுத வேண்டும். என் கருத்துக்கு மாறான சான்றுகளோடு வந்திருப்போர் தயங்காமல் பேசுங்கள். முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.