கடன் அவள் பேரில், முடிவு யார் பேரில்?

பின்னால் நிற்கிற இளவட்டங்களே! முன்வரிசை நாற்காலியை, அயல்கூட்டமாய்ச் சேர்ந்து சேமிக்கிற அக்காமாருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நிற்கிறீர்கள். அதற்கே முதலில் ஒரு கும்பிடு.

1916இல் திருவிதாங்கூரில் ஒரு கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் வந்தது. மகன் பங்கில் கால்வாசி, இல்லையென்றால் 5,000 ரூபாய், எது குறைவோ அதுதான் மகளுக்கு! ஆனால் அதே சட்டத்தில் ஒரு விலக்கும் எழுதினார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சரிபங்கு பிரிக்கிற வழக்கமுள்ள சிலருக்கு இது பொருந்தாது என்று தாலுகா தாலுகாவாகப் பேர் போட்டார்கள். கொல்லம், சிறயின்கீழ், திருவனந்தபுரம்... அடுத்தது என்ன? சத்தமாய்ச் சொல்லுங்கள்! நெய்யாற்றின்கரை! நம் கொல்லயில் இருக்கிற தாலுகா! அந்தச் சட்டத்தை எதிர்த்து மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986இல் வாங்கிய நியாயத்தை, எழுபது வருஷம் முன்னாலேயே வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டவர்கள் இந்த மண்ணில் இருந்தார்கள்!

அந்த மண்ணில் நின்றுதான் கேட்கிறேன். அயல்கூட்டத்துப் பெண் எடுக்கிற கடன் அவள் பேரில். கையெழுத்து அவளுடையது. ஆடு வாங்குவதா, மாவு மில் வைப்பதா என்று முடிவு பண்ணியது யார்?

எனக்கு ஒரு சித்தி. பேர் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். மரச்சீனி சிப்ஸ் வறுத்துப் பாறசாலைச் சந்தைக்குத் தலைச்சுமையாய்க் கொண்டுபோனவள். பெரிய சட்டி வாங்கக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனாள். "வீட்டுக்காரரைக் கூட்டி வாங்க" என்றார்கள். சித்தப்பா போனார், கடன் கிடைத்தது. அவருக்கு மரச்சீனி விலையும் தெரியாது, எண்ணெய் விலையும் தெரியாது! முப்பது வருஷமாகிறது, என் நெஞ்சு இன்னும் ஆறவில்லை.

இந்த அயல்கூட்டங்களின் அமைப்பான குடும்பஸ்ரீ 1998இல் மலப்புறத்தில் தொடங்கியது. அதில் இன்று நாற்பது லட்சத்துக்கு மேல் பெண்கள். சிலருக்கு மாநாடு வந்தால்தான் அவர்கள் ஞாபகம் வரும். ஒரே நிறச் சேலை கட்டி வரிசையில் நில் என்பார்கள். பணத்தை எதில் போடுவது என்று பேசுகிற அறையில் நாற்காலி கேட்டுப் பாருங்கள், கதவைச் சாத்துவார்கள்! பேர் சொல்ல மாட்டேன். கைதட்டலைப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்திருக்கிறது.

பெண்ணே முடிவெடுக்கிற இடமும் உண்டு. பம்பாயில் 1959இல் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டைமாடியில் அப்பளம் இட்டார்கள். அதுதான் லிஜ்ஜத் அப்பள நிறுவனம். அங்கே பெண்தான் பங்காளி. கணக்கெழுதவும் வண்டி ஓட்டவும் ஆண் வரலாம், சம்பளத்துக்கு!

சித்தியிடம் திரும்பி வருகிறேன், அவளை விட்டுவிட்டு என்னால் பேச முடியாது. பின்னாளில் அவளுடைய அயல்கூட்டத்தில் எல்லோரும் பப்படம் போடலாம் என்றார்கள். வீட்டு ஆண்கள் சொல்லி அனுப்பிய யோசனை. சித்தி எழுந்தாள். "இடவப்பாதி மழையிலே எங்கே காயப்போடுவீங்க?" ஒருவரிடமும் பதில் இல்லை. அன்றைக்குக் கூட்ட நோட்டில் 'பப்படம் வேண்டாம், சிப்ஸ்' என்று எழுதினார்கள். அதன் கீழே முதல் கையெழுத்து சித்தியுடையது. நான் பார்த்திருக்கிறேன்.