சுவரும் சுவரும் சேரும் இடம்



மருத்துவமனை, பள்ளி, பஞ்சாலை, வங்கி, கட்டட வேலை என்று நாம் பணியாற்றும் இடம் எதுவாக இருந்தாலும், அங்கே நாம் தனியாக வேலை செய்வதில்லை. நமக்கு முன்னால் ஒருவர் செய்து தந்ததை வாங்கிக்கொள்கிறோம். நாம் செய்து முடித்ததை இன்னொருவர் கையில் கொடுக்கிறோம். இரவு ஷிஃப்ட் முடித்த செவிலியர், காலையில் வருபவரிடம் நோயாளிகளை ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் புறப்படுகிறார். அவரவர் தம் வேலையை நன்றாகவே செய்கிறார்கள். அப்படியிருந்தும் சில நேரங்களில் மொத்த வேலையும் கெட்டுப்போகிறதே, அது ஏன்? இன்று இதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

பழைய ஏற்பாட்டில் நெகேமியா நூலின் மூன்றாம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் புரட்டிவிட்டுப் போய்விடுகிறோம். அது வெறும் பெயர்ப் பட்டியல்போலத் தோன்றும். இடிந்து கிடந்த எருசலேம் மதிலை யார் யார் எந்தெந்தப் பகுதியில் கட்டினார்கள் என்ற கணக்கு அது. தலைமைக் குருவும் குருக்களும் ஒரு பகுதியைக் கட்டினார்கள். பொற்கொல்லர்களும் நறுமணத் தைலம் செய்பவர்களும் வணிகர்களும் வந்தார்கள். ஒருவர் தம் புதல்வியரோடு வந்து கட்டினார். தெக்கோவா ஊரின் பெரிய மனிதர்கள் மட்டும் தோள்கொடுக்க மறுத்தார்கள் என்பதையும் அந்நூல் மறைக்காமல் சொல்கிறது. இந்த அதிகாரம் முழுவதும், ஒருவரை அடுத்து இன்னொருவர் கட்டினார் என்பது திரும்பத் திரும்ப வருகிறது. 52 நாள்களில் மதில் எழும்பியது.

கொத்தனார் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். புதுச் சுவரில் விரிசல் பெரும்பாலும் எங்கே விழும்? இரண்டு சுவர்கள் சேரும் இடத்தில்தான். என் பகுதி உறுதி, உன் பகுதியும் உறுதி. ஆனால் இரண்டும் சேரும் இடத்தை யார் பார்த்தது? எதிரி நுழைவதற்கு அந்த இடைவெளி போதும்.

இது நம் காலத்திலும் நடந்திருக்கிறது. 1998 டிசம்பரில் அமெரிக்காவின் நாசா நிறுவனம் செவ்வாய்க் கோளை நோக்கி ஒரு விண்கலத்தை அனுப்பியது. கலத்தைக் கட்டிய நிறுவனத்தின் குழு ஓர் ஊரில் இருந்தது. அதன் பாதையைக் கணித்த குழு வேறோர் ஊரில் இருந்தது. சிறு உந்துபொறிகளின் விசையை ஒரு குழு பவுண்டு அளவில் கணக்கிட்டுத் தந்தது. மறு குழு அதை நியூட்டன் அளவு என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை ஏறத்தாழ நாலரை நியூட்டனுக்குச் சமம். செவ்வாயிலிருந்து சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் கடந்திருக்க வேண்டிய கலம், சுமார் 57 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட்டது. 1999 செப்டம்பர் 23 அன்று அது காணாமல் போயிற்று.

இரு குழுக்களிலும் திறமைக்குப் பஞ்சமில்லை. இன்னொரு செய்தியையும் விசாரணைக் குழு கண்டறிந்தது. கணக்கு எங்கோ இடிக்கிறது என்பதைப் பாதை கணித்தவர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். ஆனால் அது முறைப்படி எழுப்பப்பட்டு, முடிவு காணும்வரை தொடரப்படவில்லை. பல மாதப் பயணத்தில், ஒருவரோடு ஒருவர் அமர்ந்து, நீங்கள் தருவது எந்த அளவில் என்று கேட்டிருந்தாலே போதும்.

விண்கலம் போனால் பணம் போயிற்று எனலாம். அறுவை அரங்கில் அப்படிச் சொல்ல முடியுமா? அங்கே அறுவை மருத்துவர், மயக்க மருந்து கொடுப்பவர், செவிலியர் என மூன்று தரப்பினர் ஓர் உயிரைச் சுற்றி நிற்கிறார்கள். ஏதோ தவறு நடக்கிறது என்று ஓர் இளம் செவிலியருக்குத் தோன்றுகிறது. பெரிய டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று அவர் வாயை மூடிக்கொள்கிறார். அதற்கு நாம் மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்த மரியாதைக்கு விலை கொடுப்பவர், மயங்கிப் படுத்திருக்கும் நோயாளி.

இதற்காகத்தான் உலக சுகாதார நிறுவனம் 2008-இல் 19 குறிப்புகள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டது. அதில் ஒரு குறிப்பு மிக எளியது. கத்தி வைப்பதற்குமுன் அரங்கில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொரு தரப்பும் தனக்குள்ள கவலையைச் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்ல ஒருமுறை வாய் திறந்தவருக்கு, ஆபத்து வரும்போது மறுபடியும் வாய் திறப்பது எளிதாகிறது. புது தில்லி, மணிலா, லண்டன் உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் செய்து பார்த்தார்கள். 2009 ஜனவரியில் முடிவு வெளியானது. அறுவைக்குப்பின் இறந்தவர்கள் முன்பு ஆயிரத்துக்கு 15 பேர். பட்டியல் வந்தபின் 8 பேர். புது மருந்தோ புது இயந்திரமோ அல்ல. ஒருவரோடு ஒருவர் பேச வைத்த ஒரு தாள், அவ்வளவுதான்.

அன்பார்ந்தவர்களே, தொடக்கத் திருஅவைக்கும் இந்தச் சிக்கல் வந்தது. திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தில் பார்க்கிறோம். அன்றாட உணவுப் பகிர்வில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறையிட்டார்கள். திருத்தூதர்கள் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. நாங்கள் மிகவும் பாடுபடுகிறோம் என்று தங்களுக்காக வாதாடவுமில்லை. எல்லாரையும் கூட்டி, பொறுப்பேற்க ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை எந்தப் பக்கத்திலிருந்து எழுந்ததோ, அந்தப் பக்கத்தாரின் கையிலேயே பொறுப்பு போனதாகத் தெரிகிறது. நம் அலுவலகங்களில் குறை சொன்னவரை ஓரங்கட்டுகிறோமா, அருகில் அழைத்துப் பொறுப்புக் கொடுக்கிறோமா?

நம் ஊர்த் திருவிழாவில் பெரிய தேர் வரும்போது, வடம் இழுப்பவர்கள் முன்னால் இருப்பார்கள். சக்கரத்துக்குக் கட்டை போடுபவர் குனிந்து கிடப்பார், நம் கண்ணில் படமாட்டார். முட்டுக்கட்டை என்பதை நாம் வசைச்சொல்லாகவே ஆக்கிவிட்டோம். ஆனால் அந்தக் கட்டை இல்லையென்றால், திருப்பத்தில் தேர் கூட்டத்துக்குள் புகுந்துவிடும். கணக்குப் பிரிவு கேள்வி கேட்கிறது, தரச் சோதனை செய்பவர் சரக்கைத் திருப்பி அனுப்புகிறார் என்று நாம் எரிச்சல் கொள்கிறோமே, அவர்களும் ஒருவேளை சக்கரத்தடியில் கட்டை போடுபவர்களாக இருக்கலாம்.

ஆகவே இந்த வாரம் மூன்று காரியங்களைச் செய்வோம். நம் வேலையை அடுத்து வாங்கிக்கொள்பவரின் பெயரைத் தெரிந்துகொள்வோம். இதை எந்த அளவில், எந்த வடிவில், எப்போது தந்தால் உங்களுக்கு உதவும் என்று அவரிடம் கேட்போம். ஏதாவது இடிப்பதாகத் தோன்றினால், அதை மனத்தில் வைத்துப் புழுங்காமல், பணிவோடு சொல்வோம். சொன்னதை எழுதியும் வைப்போம். மேற்பொறுப்பில் இருப்பவர்களுக்கு நான்காவது காரியம் ஒன்று உண்டு. அப்படிச் சொல்ல வருபவரை உட்கார வைத்து, முழுவதும் கேளுங்கள்.

எருசலேமின் மதிலைப் பலருடைய கைகளால் எழுப்பிய இறைவா, எங்கள் பகுதியை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல், அருகில் இருப்பவரின் பகுதியோடு அதைச் சேர்த்துக் கட்டும் மனத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.