ஒளியால் தட்டிப் பார்த்தல்



மண்குடம் வாங்கும் தாய்மார் அதனை விரலால் தட்டிப் பார்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். கண்ணுக்குப் புலப்படாத கீறலையும் ஒலி காட்டிக் கொடுத்துவிடும். கரி நுண்குழாயையும் அறிவியலார் அவ்வாறே சோதிக்கின்றனர். (நாம் வரலாறு பயின்றவர்கள், பிழையிருப்பின் இயற்பியல் ஆசிரியர்கள் பொறுத்தருள்க.)

கரியணுக்கள் அறுகோணங்களாகக் கோத்த தாளொன்றைச் சுருட்டினாற் போன்றது இக்குழாய். ஜப்பானிய அறிஞர் இஜிமா 1991இல் பலசுவர்க் குழாய்களை விவரித்தார். 1993இல் ஒற்றைச்சுவர்க் குழாயும் அறியப்பட்டது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 1 நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு!

இதனை எவ்விரலால் தட்டுவது? லேசர் ஒளியால்தான். குழாயிற் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி, அதன் அதிர்வுக்கு ஆற்றலை ஈந்து, நிறம் மாறி வெளிவருகிறது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன், கிருஷ்ணனுடன் 1928இல் கல்கத்தாவில் கண்ட விளைவே இது.

குழாய் முழுவதும் மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கும் அதிர்வு ஒன்று உண்டு. குழாய் பருக்கப் பருக்க அதன் அதிர்வெண் குறையும். சிலிக்கன் தளத்தில் கிடக்கும் குழாய்க்கு, நிறமாலையில் அவ்வதிர்வு காட்டும் எண்ணால் 248ஐ வகுத்தால் குறுக்களவு ஏறத்தாழக் கிடைத்துவிடும். எண் 248 எனில் 1 நானோமீட்டர். 124 எனில் 2. கருவி நம் பள்ளிகளில் இல்லை. இவ்வகுத்தலையோ நம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே செய்துவிடும்.

கீறலுக்கும் அடையாளம் உண்டு. 1590 அருகிலுள்ள கோட்டை நோக்க, 1350 அருகிலுள்ள கோடு ஓங்கி நின்றால் அணுக்கோப்பில் குறை மிகுதி என்று கொள்வர். குழாயை உடைத்துப் பார்க்க வேண்டுவதில்லை.