எந்த விதி?

அவையோரே, தமிழில் விதி என்னும் சொல் இரண்டு பொருள் தாங்கி நிற்கிறது: பிறக்கும்போதே தலையில் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் ஊழ் ஒன்று, அரசிதழில் அச்சாகி முதலாளியைக் கட்டுப்படுத்தும் சட்டவிதி மற்றொன்று. மலேசியாவின் லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் தேயிலைச் சரிவில் ஒருவர் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தாலும், கொழுந்தை உருட்டும் இயந்திரத்தில் ஒருவரின் விரல் போனாலும், முதலில் உச்சரிக்கப்படுவது முதலாம் விதியே. இரண்டாம் விதி மீறப்பட்டதா என்று கேட்க வாயெடுப்பதற்குள் கறை கழுவப்பட்டு, அந்த இடத்தில் வேறு ஆள் நிறுத்தப்பட்டுவிடுகிறார்.

2013 அக்டோபர் 23 அன்று, நள்ளிரவு கடந்த வேளையில், கனமழையால் நிரம்பிய சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட, அது சேற்று வெள்ளமாகி இந்தப் பள்ளத்தாக்கின் வீடுகளுக்குள் புகுந்தது. குறைந்தது மூவர் மாண்டனர். மேட்டு நிலங்களில் காடு அழிந்து மண் சரிந்ததால், 1963இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் நீர்த்தேக்கம் வண்டலால் தூர்ந்து வந்தது ஊரறிந்த செய்தி. அப்படியிருந்தும் அந்தச் சாவுகளை இறைவனின் சோதனை என்று பேசும் வாய்கள் இன்னும் இருக்கின்றன. இறைவனா வந்து அணைக்கதவைத் திருகினான்?

தோட்ட நிர்வாகத்தார் வாதம் எளியது: கையுறை கொடுத்தால் கழற்றிவிடுவார்கள், காலணி கொடுத்தால் விற்றுவிடுவார்கள், ஆகவே கொடுக்காமலிருப்பதே மரியாதை. இதற்கு அறிஞர் துணையும் உண்டு. ஐவரி கோஸ்டில் ஆய்வு செய்த உளவியலாளர் குவபெனான், விதியை நம்புவோர் ஆபத்தைக் குறைத்து மதிப்பிட்டுத் துணிந்து இறங்குகிறார்கள் என்று 1998இல் எழுதினார். அதில் உண்மை உண்டு. ஆனால் செங்குத்துச் சரிவில் வேலை செய்ய மறுத்தால் அன்றைய கூலி போய்விடும் என்றிருப்பவருக்கு, விதி என்பது நம்பிக்கையா, வேறு வழியற்றவரின் ஆறுதலா? 1931இல் அமெரிக்கக் காப்புறுதி நிறுவனத்து ஊழியர் ஹைன்ரிச், விபத்துகளில் 88 விழுக்காட்டைத் தொழிலாளியின் தவறான செயல் மீதும், 10 விழுக்காட்டை இயந்திரம், பணியிடம் ஆகியவற்றின் குறை மீதும் சுமத்தினார். அந்த 88, மேற்பார்வையாளர்களே எழுதிய அறிக்கைகளிலிருந்து பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கூடத் தவிர்க்க முடியாதவை என்று ஒதுக்கியது 2 விழுக்காடுதான். தோட்ட அலுவலகங்களோ ஆண்டவனுக்கு 100 விழுக்காடும் எழுதி வைத்துவிட்டன.

ஆயுத பூஜையன்று லோரிச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கப்படுகிறது, பிரேக் கட்டை தேய்ந்தே கிடக்கிறது; இயந்திரத்துக்குச் சந்தனம் பூசப்படுகிறது, அதன் பற்சக்கரத்துக்கு மூடி போடப்படுவதில்லை. அதே லோரிக்கும் இயந்திரத்துக்கும் தவறாமல் காப்புறுதி எடுக்கும் நிர்வாகத்துக்கு, தன் சொத்து விஷயத்தில் மட்டும் விதியில் நம்பிக்கை இல்லை. திருக்குறளின் 38ஆம் அதிகாரமான ஊழை மேடைதோறும் முழங்குவோர், 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையைப் புரட்டுவதே இல்லை. அந்த ஏடுகள் ஒட்டிக்கொண்டன போலும். சங்கத் தலைவர்கள் சிலரும் இதில் கூட்டு: மே தினத்துக்கும் சாவு வீட்டுக்கும் ஒரே கடையில் மாலை வாங்குவோர் அவர்கள்.

களைக்கொல்லியான பாராகுவாட்டின் கதையைப் பார்த்தால் விதியின் முகவரியே தெரிந்துவிடும். மருந்தடிக்கும் தோட்டப் பெண்களின் நச்சுப் பாதிப்புகளைத் தொழிலாளர் உரிமை அமைப்பான தெனாகானித்தா, ஐரின் பெர்னாண்டஸ் தலைமையில், ஆவணப்படுத்தி 2002இல் வெளியிட்டது; அதே ஆண்டு தடை முடிவாகி, 2006இல் தளர்த்தப்பட்டு, 2020 ஜனவரி 1 அன்றுதான் முழுத் தடை வந்தது. 2002இல் போய், 2006இல் திரும்பி, 2020இல் மறுபடி போகும் விதியை எந்தச் சோதிடர் கணித்தார்? கணித்தது அமைச்சகம்!

இனி இரண்டாம் விதிக்கு வருவோம். 1994ஆம் ஆண்டுத் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளியின் கடமையை 15ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. சட்டப்படி தர வேண்டிய பாதுகாப்புச் சாதனத்துக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்கிறது 26ஆம் பிரிவு. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணமிருந்து, அதை முதலாளி நீக்காதபோது அங்கிருந்து விலகிக்கொள்ளும் உரிமையைத் தரும் 26ஏ பிரிவு, 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இன்று இந்தச் சரிவுகளில் ஏறும் வங்காளதேசத்தாருக்கும் நேப்பாளியருக்கும் அது உண்டு. அந்தப் பிரிவை அவரவர் மொழியில் எழுதி எடை போடும் இடத்தில் ஒட்டியிருக்கும் தோட்டம் எது என்று, இந்த அவையில் அமர்ந்திருக்கும் மேற்பார்வையாளர்களான மண்டோர்கள் எழுந்து சொல்லட்டும்.